கூடார வண்டியும் வாடியும்: திருகோணமலை மாவட்டத்தின் பருவகாலப் பயணங்கள்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கடலிலிருந்து கரையை நோக்கி எழுதப்பட்ட வரலாறாகவே இருந்து வந்துள்ளது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றியது, 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது, 1795இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது, 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது என அதன் முக்கிய நிகழ்ச்சிகள் யாவும் துறைமுகத்தின் ஆழத்தோடும் பாதுகாப்போடும் தொடர்புடையன. கப்பலேறி வந்தவர்கள் நாட்குறிப்பு எழுதினர், வரைபடம் வரைந்தனர், அறிக்கை அனுப்பினர். ஆதலால் அவர்கள் கண்ட திருகோணமலையே நூல்களில் நிலைபெற்றது. அத்துறைமுகத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பில் வாழ்ந்த மக்கள் எவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்றனர், வழியில் எங்கே உலை வைத்தனர், எந்த மரத்தடியில் இரவைக் கழித்தனர் என்பன வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. ஆனால் இம்மாவட்டத்தின் சமூக உறவுகளை விளங்கிக்கொள்ள விழைபவர் நங்கூரத்தை விட்டுச் சற்று வண்டிச் சக்கரத்தையும் நோக்குதல் வேண்டும்.

முதலிலே நிலவமைப்பைக் கருத வேண்டும். மரபாகத் திருகோணமலைப் பிரதேசம் திருகோணமலைப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என நான்கு பற்றுக்களாக வகுக்கப்பட்டிருந்தது. கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களிலும் இப்பகுப்பின் சுவடுகளைக் காணலாம். வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைக் கொண்ட கட்டுக்குளப்பற்று; மேற்கே கந்தளாய்க் குளத்தின் நீரால் வளம் பெற்ற தம்பலகாமப்பற்று; தெற்கே குடாவுக்கு அப்பால் மூதூர், சம்பூர், கிளிவெட்டி முதலாக வெருகல் வரை பரந்த கொட்டியாரப்பற்று. இவற்றுள் கொட்டியாரப்பற்றுக்குச் செல்லும் பயணமே மிகவும் கடினமானது. நகரத்துக் கடற்கரையில் நின்றால் குடாவின் மறுகரையில் மூதூர்ப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். தோணியில் ஏறுபவருக்கு அது சில மணி நேரப் பயணமே. வண்டியில் செல்பவரோ குடாவைச் சுற்றிக் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என நான்கு நீர்நிலைகளை அடுத்தடுத்துக் கடக்க வேண்டியிருந்தது. மகாவலி கங்கை கடலோடு சேருமுன் பல கிளைகளாகப் பிரிவதே இதற்குக் காரணம். அதன் தென்கிளையாகிய வெருகலாறு மாவட்டத்தின் எல்லையாக அமைந்து, மட்டக்களப்பிலிருந்து வருவோருக்கு அவ்வாறே ஒரு தடையாயிற்று.

இத்துறைகளில் மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற மிதவைக்குக் கிழக்கிலங்கைத் தமிழில் ‘பாதை’ என்று பெயர். நிலத்தில் மனிதர் செல்லும் வழியைக் குறிக்கும் சொல்லே நீரின்மீது அவர்களைச் சுமந்து செல்லும் கலத்துக்கும் பெயராயிற்று. பாதை நின்றுவிட்டால் வழியும் நின்றுவிடும் என்பது இப்பிரதேச மக்களுக்கு அணியன்று, அன்றாட அனுபவமாகும்.

பாதை எப்பொழுது நிற்கும் என்பதைப் பருவக்காற்றே தீர்மானித்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமாகிய ஐப்பசி முதல் மார்கழி வரை இம்மாவட்டம் தன் மழையின் பெரும்பகுதியைப் பெறுகின்றது. அக்காலத்தில் ஆறுகள் கரைபுரளும், வண்டித்தடம் சேறாகும், சூறாவளி அச்சமும் உண்டு. 1964 டிசெம்பர் மாதப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது இப்பருவத்திலேயாகும். மானாவாரி நிலங்களில் நெல் விளைவதும் இம்மழையைக் கொண்டுதான். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, மாசி, பங்குனியில் அறுவடை செய்து, சூடு மிதித்து, நெல்லை வீடு சேர்த்த பின்னர் உழவனுக்கும் எருதுக்கும் ஓய்வு கிடைக்கும். நிலம் இறுகும்; ஆறுகள் வற்றும்; கச்சான் காற்று வீசத் தொடங்கும்; கிழக்குக் கடல் அமைதியுறும். எனவே பங்குனி பிற்பகுதியிலிருந்து ஆவணி முடியும் வரையுள்ள காலமே வண்டிப் பயணத்துக்குரிய பருவமாயிற்று. நெல்மூடை ஏற்றிய அதே வண்டி இக்காலத்தில் கிடுகுக் கூடாரம் பூண்டு குடும்பத்தைச் சுமக்கும் சிறு வீடாக மாறிற்று. கந்தளாய் நீரைப் பெற்று இருபோகம் செய்த தம்பலகாமத்தவருக்கு மட்டும் இவ்வோய்வு சுருங்கியதாயிருந்தது. அவர்களது பயணங்கள் இரு வேளாண்மைகளுக்கு இடைப்பட்ட சில வாரங்களுள் அடங்கின.

வண்டிப் பாதைகள் தோன்றுமுன்னர் இக்காட்டு வழிகளிற் பொருளைச் சுமந்தவை பொதிமாடுகளே. பதினேழாம் நூற்றாண்டிற் கொட்டியாரம் கண்டி இராச்சியத்துக்குக் கடல்வாயிலாக விளங்கிய காலத்தில் உப்பும் கருவாடும் உள்நாட்டுக்கும், பாக்கு முதலியன கரைக்கும் பொதிமாட்டு நிரைகளிற் சென்றன. இந்நிரைகளைச் சிங்கள மக்கள் ‘தவலம’ என்பர். தமிழில் ‘தாவளம்’ என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் சொல்லாகும். ஒருமொழி தங்கும் இடத்துக்கும் மற்றொரு மொழி நடக்கும் கூட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரே சொல்லை வழங்குவது சிந்திக்கத்தக்கது. மாட்டின் நடையே வேகத்தின் எல்லையாக இருந்த காலத்தில் பயணம் என்பது பெரும்பாலும் தங்குவதுதான். நடந்த நாழிகையிலும் இளைப்பாறிய நாழிகையே அதிகம்.

கொட்டியாரக் கரையில் இளைப்பாறியவருள் உலகறிந்தவர் றொபேட் நொக்ஸ். கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்து, புதிய மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையில் இறங்கிய கப்பற் தலைவரும் அவர் மகனும் ஏனைய சிலரும் 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் வெளியிட்ட நூலே இலங்கை பற்றிய புகழ்பெற்ற ஆங்கில நூலாகும். தலைவர் பிடிபட்டதாகக் கூறப்படும் மூதூருக்கு அருகிலுள்ள புளியமரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. அந்நியன் ஒருவன் அரசனின் அனுமதியின்றி மரநிழலில் தங்கினான் என்பதற்கு அடையாளமிடப்பட்டது. அதே வழியில் காலந்தோறும் தங்கிச் சென்ற ஆயிரக்கணக்கான வண்டிக்காரருக்குக் கல்லில்லை. அவர்கள் அனுமதி கேட்க வேண்டியவருமல்லர்.

அதிகாரிகளின் பயணங்களும் பருவத்துக்குக் கட்டுப்பட்டனவே. 1782 பெப்ரவரியில் ஆங்கிலத் தூதுவராகத் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்ட ஹியூ பொயிட், மழைக்காலம் முடிந்தும் முடியாத நிலையிற் காட்டு வழியில் உணவும் ஆளும் கிடைக்காது பெரிதும் இடர்ப்பட்டார். தூதும் பயன்தரவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1786இன் நடுப்பகுதியில், திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் தம் ஆட்சிக்குட்பட்ட பற்றுக்களைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். அவர் தேர்ந்த பருவம் பிழையற்றது. ஊர்களின் மக்கள்தொகை, கைவிடப்பட்ட வயல்கள், பாழ்பட்ட குளங்கள், கங்குவேலியிற் கண்ட தமிழ்ச் சாசனம் ஆகியன பற்றி அவருடைய நாட்குறிப்புத் தரும் செய்திகள் இம்மாவட்ட வரலாற்றுக்குப் பெருந்துணையாவன. ஆயினும் வரியும் விளைச்சலும் நோக்கிச் சென்றவரின் கண்ணுக்கு ஊர்கள் வறுமையுற்ற தனித்தனித் தீவுகளாகவே தோன்றின. அவ்வூர்களை இணைத்த கோயில் விழா, பெண் கொடுக்கல் எடுக்கல், உப்பு நெல் மாற்று ஆகிய இழைகள் அவருக்குப் புலப்படவில்லை. புலப்படாமைக்கு அவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. அவர் சென்ற நோக்கம் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தெருக்களை அமைத்தபோதே சக்கரம் பூண்ட வண்டி இம்மாவட்டத்திற் பரவலாயிற்று. 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும். இயலாதவர் பணம் செலுத்த வேண்டும். துறைகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஆக, வண்டி சென்ற தெருவை மக்கள் தம் உடலுழைப்பால் ஆக்கி, அதன்பின் அத்தெருவில் ஒவ்வொரு பாதைக்கும் கட்டணம் கொடுத்துச் சென்றனர்.

இனி, ஒரு குடும்பம் ஒரு பருவத்தின் பயணங்களை எவ்வாறு திட்டமிட்டது என்பதை நோக்கலாம். எழுத்தில் வழங்கும் வண்டியை இப்பிரதேச மக்கள் வண்டில் என்பர். அறுவடை முடிந்ததும் முதல் வேலை கொல்லனிடமும் தச்சனிடமும் வண்டிலைக் கொண்டு செல்வது. கோடை வெப்பத்தில் வட்டையும் ஆரக்காலும் காய்ந்து சுருங்குதலால் இரும்புப் பட்டம் தளர்ந்து கழலும். கொல்லன் பட்டத்தை நெருப்பிற் காய்ச்சி ஏற்றி நீரூற்றி இறுக்குவான். வழியில் தளர்ந்தால் சக்கரத்தைக் குளத்து நீரில் ஊறப்போடுவதே மருந்து. ஆதலால் பயணத்தின் நிறுத்தங்கள் மனிதர் குடிக்கவும் மாடு குடிக்கவும் மட்டுமன்றிச் சக்கரம் குடிக்கவும் ஏற்றனவாகத் தேரப்பட்டன. அச்சுக்கு வைக்கோற் கரியும் எண்ணெயும் குழைத்த மசகு மூங்கிற் குழாயில் வண்டிலடியிலே தொங்கும். எருதுகளுக்கு லாடம் அடிக்கப்படும். கூடாரத்தின் பழைய கிடுகைக் களைந்து புதுக் கிடுகு வேய்வது பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் வேலை. பயணத்தின் மகிழ்ச்சி அன்றே தொடங்கிவிடும்.

அடுத்தது நாட்கணக்கு. எருது பூட்டிய பாரவண்டி மணிக்கு இரண்டு அல்லது இரண்டரை மைலுக்கு மேற் செல்வதில்லை. கோடையில் உச்சி வெயிலில் ஓட்டுதல் மாட்டுக்குக் கேடு. எனவே பிற்பகலில் பூட்டி முன்னிரவு வரையும், பின்னர் விடியுமுன் பூட்டி வெயிலேறும் வரையும் ஓட்டினால் ஒரு நாளிற் பதினைந்து மைல் செல்லலாம். திருகோணமலையிலிருந்து வெருகலுக்கு ஏறக்குறைய 40 மைல். கணக்குப்படி மூன்று நாள். ஆனால் நான்கு துறைகளும் அக்கணக்கை மதிப்பதில்லை. விழாக்காலத்தில் ஒவ்வொரு துறையிலும் வண்டில்கள் வரிசையில் நின்றன. மாடுகளை அவிழ்த்து, வண்டிலைக் கையால் தள்ளிப் பாதையில் ஏற்றி, அக்கரையில் மீண்டும் பூட்ட வேண்டும். ஆகவே அனுபவமுள்ளவர் ஒரு நாளைக் கூட்டியே கணக்கிட்டனர். இரவுப் பயணத்துக்கு நிலவு வேண்டுமாதலின் வளர்பிறையில் புறப்படுதல் வழக்கமாயிற்று. சாத்திரப்படி நாட்பார்த்தலும் உண்டு. எனினும் நல்ல நாள் எனப் பஞ்சாங்கம் கூறியதும் நிலவுள்ள நாள் என வண்டிக்காரன் கூறியதும் பெரும்பாலும் ஒத்துப்போயின என்பது தற்செயலன்று.

தனி வண்டில் காட்டினூடே செல்வதில்லை. யானை, கரடி அச்சத்தால் ஐந்து பத்து வண்டில்கள் சேர்ந்தே புறப்படும். வழக்கமறிந்த முதியவர் ஒருவரின் வண்டில் முன்னே செல்லும். இளைஞர் வண்டில் கடைசியில் வரும். அச்சின் கீழே அரிக்கன் லாம்பு தொங்கும். தங்குமிடத்தில் வண்டில்களை வளைவாக நிறுத்தி, நடுவே அடுப்பு மூட்டி, எருதுகளை உட்புறம் கட்டி, முறைவைத்துக் காவலிருப்பர். அரிசி, தேங்காய், புளி, உப்பு, கிடாரம், பாய், வைக்கோற் கட்டு என ஒவ்வொரு வண்டிலுக்கும் பொதி பிரித்துக் கொடுக்கப்பட்டது. எல்லாவற்றையும் எல்லாரும் சுமப்பதில்லை; ஒருவர் கிடாரத்தைக் கொண்டு வந்தால் மற்றவர் படங்கைக் கொண்டு வருவர். ஒரு வண்டில் பின்தங்கினால் கூட்டத்துக்கே சமையலில்லை. பயணக் கூட்டத்தை ஊரவர் கலையாது காத்தமைக்குத் தலைவரின் அதிகாரத்தினும் இப்பங்கீடே பெருங்காரணம் எனலாம்.

தங்கும் வசதிகளை வழியோர ஊர்கள் செய்து வைத்திருந்தன. மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணீர்ப்பந்தலும் ஈழத்துத் தமிழூர்களின் பழைய அறங்கள். கிண்ணியாவும் மூதூரும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களாதலின் கோயிலுக்குச் செல்லும் சைவக் கூட்டம் அவர்கள் வாசலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. துறையிற் காத்திருக்கும் பொழுது தண்ணீரும் வைக்கோலும் பெறுதல், நோயுற்ற எருதைத் திரும்பும் வரை ஒப்படைத்துச் செல்லுதல் போன்ற கொடுக்கல் வாங்கல்கள் தலைமுறை தலைமுறையாக வந்த அறிமுகத்தின்பாற்பட்டவை. இவ்வறிமுகத்துக்கு எழுத்து ஆவணம் எதுவுமில்லை. ஆவணம் வேண்டாதிருந்தமையே அதன் வலிமை.

ஆயினும் இவ்வண்டி யுகத்தைப் பொற்காலமாகப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. எருதுச் சோடி உடையவனே கூடாரத்துள் அமர்ந்து சென்றான். ஏழை அவ்வண்டிலின் பின்னே புழுதியில் நடந்தான். மடத்துத் திண்ணையும் கிணற்றுக் கப்பியும் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. ஆண்களுக்கு இளைப்பாறும் இடமாக இருந்த புளியமரத்தடி பெண்களுக்குப் புகையடுப்பாகவே இருந்தது. பயணத்தின் இனிமையைப் பேசும் முதியோர் நினைவுகளில் இவை அடிக்கடி விடுபட்டுப் போகின்றன.

நெடும் பயணங்களன்றி ஓரிரவுப் பயணங்களும் இருந்தன. நகரத்திலே கடற்படைத் தளமும் அரசாங்கக் கந்தோர்களும் வளர்ந்தபோது வாரவிடுமுறை என்னும் புதிய காலப்பகுப்பு மக்கள் வாழ்வில் நுழைந்தது. வேளாண்மை செய்பவனின் ஓய்வு ஆண்டின் ஒரு பகுதி. சம்பளம் பெறுபவனின் ஓய்வு வாரத்தின் ஒரு பகுதி. பின்னவனுக்கு வெருகல் எட்டாதது. நகரிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைலிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்களும், நிலாவெளிக் கடற்கரையும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயமும் எட்டின. ஏழு கிணறுகளைக் கொண்ட கன்னியா, இராவணன் தன் தாயின் கடன் கழித்த இடமென்னும் ஐதிகத்தையுடையது. ஆகவே அங்குச் சென்றவர்களுள் நீராடி மகிழச் சென்றவரும் அந்தியேட்டி செய்யச் சென்றவரும் ஒரே மரநிழலில் இருந்து உண்டனர். ஓய்வையும் நீத்தார் கடனையும் வெவ்வேறு நாட்களுக்கு ஒதுக்கும் பழக்கம் அக்காலத்தில் இல்லை.

இதன் தொடர்பிற் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறுகளுக்குப் பதிலாகப் போயா நாளும் அதற்கு முந்திய நாளும் விடுமுறைகளாக இருந்தன. பறுவம், அமாவாசை, இரு அட்டமிகள் என நிலவின் நிலையைப் பின்பற்றியே விடுமுறை வந்தது. உலக வாணிபத்தோடு ஒவ்வாத இம்முறை விரைவிற் கைவிடப்பட்டது. ஆனால் மாதம் ஒருமுறையேனும் முழுநிலவும் விடுமுறையும் ஒன்றாக வந்த அவ்வைந்தாண்டுகளில், பழைய வண்டிக்காரரின் நாட்கணக்கு அரசாங்கத்தின் நாட்காட்டியில் எதிர்பாராதவாறு இடம்பெற்றது. அதற்குள் வண்டில்கள்தாம் குறைந்துவிட்டன.

பருவத்தின் முடிவில் நிகழ்ந்த பெரும் பயணம் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆவணியை ஒட்டிய திருவிழாவுக்குரியது. இக்கோயிலின் பழமையைக் கயிலாய வன்னியனார் பெயரைத் தாங்கிய சாசனம் உணர்த்துகின்றது. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய ‘வெருகல் சித்திரவேலாயுதர் காதல்’ என்னும் பிரபந்தம் இத்தலத்தின் இலக்கியப் புகழுக்குச் சான்று. தெற்கே மட்டக்களப்பு, வடக்கே திருகோணமலை, மேற்கே காட்டோர ஊர்கள் என முத்திசையிலிருந்தும் வந்த வண்டில்கள் ஆற்றங்கரை மரங்களின்கீழ் நாட்கணக்காகத் தங்கின. ஒவ்வோர் ஊராரும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வண்டிலை அவிழ்த்தனர். ஊரின் தெருவமைப்பு ஆற்றங்கரையில் மீண்டும் தோன்றியது எனலாம். கூத்தும் வழக்கும் கடனும் கலியாணப் பேச்சும் அங்கே நடைபெற்றன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்துக்கும் இத்தலம் முக்கியமான தங்குமிடம். செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை வழியாகச் செல்லும் அவர்கள் ஆடி விழாவை நோக்கி முன்னரே இவ்வழியாகக் கடந்து செல்வர்.

கோடையில் இக்கரைக்கு வந்து தங்கியோர் யாத்திரிகர் மட்டுமல்லர். தென்மேல் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் குடும்பத்தோடும் வலையோடும் கிழக்குக் கரைக்கு வந்து, குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய் முதலாய கரைகளில் ஓலைக் குடில்கள் அமைத்துத் தங்கி, வாடை தொடங்கியதும் திரும்பினர். இக்குடில்களுக்கு வாடி என்று பெயர். சிங்களத்திலும் ‘வாடிய’ என்பதே வழக்கு. அவர்களுடைய திட்டமிடலும் நுணுக்கமானதே. முதலாளியிடம் முற்பணம், கரைவலைக்குரிய இடம், கருவாட்டுக்கு உப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவும் புறப்படுமுன்னர் தீர்க்கப்பட வேண்டும். உள்ளூர் மீனவர்க்கும் வந்தோர்க்கும் இடையே இடவுரிமை பற்றிய பிணக்குகள் அடிக்கடி எழுந்தன. 2009க்குப் பின்னரும் எழுந்துள்ளன. எவர் எத்தனை மாதம் எங்கே வாடியமைக்கலாம் என்பது வெறும் தொழிற் கேள்வியாக இருந்த காலமும் உண்டு, நிலவுரிமைக் கேள்வியாக மாறிய காலமும் உண்டு.

சுற்றுப்பயணம் செய்த அரசாங்க அதிகாரிகள் தங்குவதற்கு ஆங்கிலேயர் வழிதோறும் அமைத்த விடுதிக்கும் தமிழ் மக்கள் ‘வாடிவீடு’ என்றே பெயரிட்டனர். மீனவனின் ஓலைக்குடிலும் துரையின் ஓட்டுவீடும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டன. இரண்டும் நிலையற்ற தங்குமிடங்கள் என்பதை மக்கள் நன்குணர்ந்திருந்தனர் போலும்.

புகையிரதம் 1927இல் திருகோணமலைக்கு வந்தது. 1958இல் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. எனினும் கொட்டியாரப்பற்று அவற்றால் விரைவில் மாறவில்லை. பேருந்தும் பாதைக்குக் காத்துத்தான் நின்றது. வண்டிலை உண்மையில் இடம்பெயர்த்தது உழவு இயந்திரமே. வயலுழுத எருதின் வேலையை ஏற்றுக்கொண்ட அவ்வியந்திரம் அதன் கோயிற் பயணத்தையும் ஏற்றுக்கொண்டது. பின்னால் கொழுவிய பெட்டிக்குக் கம்பு வளைத்துப் படங்கு கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தால் பழைய கூடார வண்டிலே மீண்டது. மூன்று நாட் பயணம் ஒரு நாளாயிற்று. ஆற்றங்கரையில் தங்கும் நாட்கள் அதனால் குறையவில்லை, கூடின.

1983இன் பின் இவையனைத்தும் சிதறின. காட்டுவழிகள் அடைபட்டன, இரவுப் பயணம் உயிராபத்தாயிற்று, மூவின மக்களும் அடுத்தவர் ஊரைக் கடக்க அஞ்சினர். கதிர்காம யாத்திரை தடைப்பட்டு, 1980களின் பிற்பகுதியில் சிறு கூட்டங்களாலேயே மீட்கப்பட்டது. எருதுகளும் தப்பவில்லை. 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் வழியாக ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய், பல பத்தாண்டுகளின் பின் இலங்கைக்குள் மீண்டும் புகுந்து கிழக்கிலே பரவிற்று. அதனை ஒழிக்க 1990களின் நடுப்பகுதி வரை சென்றது. 2004 ஏப்பிரலில் வெருகலாற்றங்கரையில், வண்டில்கள் அவிழ்க்கப்பட்ட அதே மருங்கில், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் இரு பிரிவுகள் மோதின. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரமும் படங்கும் கொண்டமைந்த முகாம்களில் ஏறக்குறைய பத்தாண்டுகள் வாழ்ந்தனர்; 2015இன் பின்னரே அவர்களின் நிலம் படிப்படியாக விடுவிக்கப்பட்டது.

இங்குச் சொல்லொன்றின் வரலாற்றையும் நோக்க வேண்டும். ‘முகாம்’ என்பது பயணத்தில் இடையே தங்குமிடம் என்னும் பொருளில் தமிழில் வழங்கி வந்த சொல். வருபவர் தாமே தேர்ந்து, தாமே கலைத்துச் செல்லும் இடம் அது. இம்மாவட்டத்தில் இரு தலைமுறையினருக்கு அச்சொல் படைமுகாமையும் அகதிமுகாமையும் மட்டுமே குறித்தது. அம்முகாம்களிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, மரத்தடியில் படங்கு கட்டி இரவைக் கழிப்பதற்காகவே தன் பாட்டனார் ஆண்டு முழுதும் ஆவலோடு காத்திருந்தார் என்பதை விளக்குவது எளிதன்று.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் பாலங்களும் முற்றுப்பெற்றன. நோயாளியும் மாணவரும் மீன் வியாபாரியும் இனித் துறையிற் காத்திருக்க வேண்டியதில்லை. அந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுபவர் அத்துறைகளில் இரவில் நின்றவராயிருக்க முடியாது. திருகோணமலையிலிருந்து காலையிற் புறப்பட்டு வெருகலில் பூசை கண்டு மாலையில் வீடு திரும்புதல் இப்பொழுது இயல்வதாயிற்று. விழாக்காலத்தில் ஆற்றங்கரையில் தங்குவோர் முற்றாக இல்லாமற் போகவில்லை. உழவு இயந்திரப் பெட்டிகளில் வரும் குடும்பங்கள், தம் முன்னோர் வண்டில் அவிழ்த்த மரம் இதுவென்று காட்டி, அதனடியில் படங்கு கட்டுகின்றனர்.